அம்மை தடுத்த அண்ணல்

புதுவை நகரினின்று வடக்கே மரக்காணம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில், நகரை அடுத்து அமைந்துள்ளது கோட்டக்குப்பம் என்னும் ஊர். அதன் ஒருபால் அலைகடல். அச்சாலைவழியே நெடுந்தொலைவு சென்றால் உப்பு வெண்குவியலாய்த் திகழும் அளங்கள். இக்கரையூர்களில் இன்று பெரியம்மை வடுத் தாங்கிய சிறார் ஒருவரையேனும் காண்டல் இயலாது. நம் முன்னோர் காலத்து நிலை அதுவன்று. வைசூரி எனப்பட்ட அந்நோய் ஓரூரில் புகுந்தால், வேப்பிலை செருகிய வீடுகள் தெருத்தோறும் பெருகும். மாண்டவர் பலர், உயிர் தப்பியும் கண்ணொளி இழந்தவர் சிலர். இக்கொடுநோய் உலகினின்றே ஒழிவதற்கு வித்திட்டவர் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவப் பெருந்தகை ஆவார்.

ஜென்னர் 1749ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், இங்கிலாந்து நாட்டில் பெர்க்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபைக் குரு. ஐந்தாம் அகவையிலேயே ஜென்னர் பெற்றோர் இருவரையும் இழந்து, தமையனார் ஆதரவில் வளர்ந்தார். அக்காலத்தில் பெரியம்மைக் கொப்புளத்து நீரையே சிறிதளவு எடுத்து நலமுள்ளவர் உடலில் கீறிச் செலுத்தும் வழக்கம் இருந்தது. அதனால் சிலர் காக்கப்பட்டனர். சிலர் நோய் முற்றி இறந்தனர். எட்டு வயதுச் சிறுவரான ஜென்னருக்கும் அது செய்யப்பட்டது. அதற்கு முன் அவரைப் பட்டினியிட்டுக் குருதி போக்கினர். பின்னர்க் குதிரைக் கொட்டிலில் பிற சிறுவரோடு அடைத்து வைத்தனர். அத்துன்பம் அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

இளமையில் ஓர் அறுவை மருத்துவரிடம் தொழில் பயின்ற அவர், 1770இல் இலண்டன் சென்று ஜான் ஹண்டர் என்னும் பேராசானுக்கு மாணவரானார். எதனையும் கேட்ட அளவில் நம்பாது செய்து பார்த்துத் தெளியும் பழக்கம் அவரிடம் வேரூன்றியது. கல்வி முற்றியதும் நகர வாழ்வை விரும்பாமல் பெர்க்லிக்கே திரும்பி, உழவர்க்கும் ஏழையர்க்கும் மருத்துவம் புரிந்தார். குயிற் குஞ்சு பிற பறவையின் கூட்டில் வளரும் இயல்பை ஆராய்ந்து எழுதியமையால், அரசவைக் கழகத்து உறுப்பினராகும் பெருமையும் பெற்றார்.

பசுவின் மடியில் எழும் ஒருவகை அம்மை, பால் கறப்போர் கைகளில் தொற்றுவதுண்டு. அது கொல்லும் நோயன்று. சில நாளில் தானே ஆறிவிடும். அது வந்தவரைப் பெரியம்மை அணுகாது என்பது அந்நாட்டு உழவரிடையே வழங்கிய செய்தி. ஜெஸ்டி என்னும் உழவர் ஒருவர் 1774லேயே தம் மனைவி மக்களுக்குப் பசுவம்மை குத்தியதும் உண்டு. ஆயினும் அதனை முறையாக ஆராய்ந்து உலகறிய உரைத்தவர் ஜென்னரே. 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், சாரா என்னும் பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவன் கையில் குத்தினார். ஜூலை முதல் நாள் பெரியம்மை நீரையே செலுத்தினார், நோய் வரவில்லை. சிறுவன் ஒருவனை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துதலை இன்றைய மருத்துவ அறம் ஒப்பாது. அக்காலத்து வழக்கத்தையும் நாம் மறத்தலாகாது.

அவர் எழுதியனுப்பிய கட்டுரையை அரசவைக் கழகம் ஏற்கவில்லை. மனந்தளராத ஜென்னர், மேலும் சான்றுகள் திரட்டி, 1798இல் தாமே நூலாக வெளியிட்டார். குத்திக்கொண்டவர்க்கு மாட்டுத்தலை முளைப்பதுபோல் படம் எழுதி நகைத்தவரும் உளர். ஜென்னரோ தம் வீட்டுத் தோட்டத்துச் சிறு குடிலில் ஏழைகட்கு ஊதியம் பெறாமலே அம்மை குத்தி வந்தார். நாட்டின் பேரவை 1802இல் பதினாயிரம் பவுனும், 1807இல் இருபதினாயிரம் பவுனும் அவர்க்கு வழங்கிற்று.

புறத்தே புகழ் பெருகிய அந்நாளில் அவர் இல்லத்தில் துயர் குடியிருந்தது. அவர்தம் மூத்த மகன் இளமைமுதலே நலிந்த உடலினன். 1810இல், இருபத்தோராம் அகவையில், காசநோய் அவனை மாய்த்தது. மனைவியாரும் அந்நோயாலேயே 1815இல் மறைந்தார். ஊரார் மக்களைக் காத்தவர், தம் மகனைக் காக்கும் வழியறியாது நின்றார். காசநோய்க்குத் தடுப்பு மருந்து தோன்ற மேலும் ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது.

நோயுற்ற குழந்தைகட்கு அம்மை குத்தலாமா என்னும் வினாவும் அவர் முன் எழுந்தது. கரப்பான் முதலிய நாட்பட்ட தோல்நோய் உடைய பிள்ளைகளிடத்தில் பசுவம்மை செவ்வனே எழாமை கண்டு, அது பற்றித் தனியே எழுதினார். தோல்நோயைத் தணித்த பின்னரே குத்துதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அப்பிள்ளைகளை அவர் அடியோடு ஒதுக்கினார் அல்லர். உரிய காலம் பார்த்தார். இவ்வேறுபாடு நாம் உளங்கொள்ளத் தக்கது.

1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், பம்பாயில் அன்னா தஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்கு இந்நாட்டில் முதன்முதலாக அம்மை குத்தப்பட்டது. வெப்பத்தில் அம்மைப்பால் கெட்டுவிடுமாதலின், ஒரு குழந்தையின் கையினின்று மற்றொரு குழந்தையின் கைக்கு மாற்றி மாற்றியே அதனைக் கொணர்ந்தனர். அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் வந்தது. மக்கள் அஞ்சி விலகக் கண்டு, தமிழறிஞராகிய எல்லிஸ் துரை, பசுவம்மையைப் பசுவின் கொடையாகப் போற்றும் கதையொன்றை எழுதினார். பின்னாளில் கிண்டியில் அமைந்த கிங் நிலையத்தில் அம்மைப்பால் பெருமளவில் ஆக்கப்பட்டது. ஜென்னர் 1823ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் காலமானார். பெரியம்மை 1975இல் இந்தியாவைவிட்டு அகன்றது. உலகெங்கும் ஒழிந்தது என 1980இல் அறிவிக்கப்பட்டது.

மாணவர்களே! இன்று தட்டம்மை, கக்குவான், தொண்டை அடைப்பான், இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றுக்கும் தடுப்பு மருந்துகள் உள. எனினும், இளைப்பு உடைய பிள்ளை, இதயத்தில் குறையோடு பிறந்த பிள்ளை, சிறுநீரக நோயோ நீரிழிவோ உற்ற பிள்ளை ஆகியோர்க்கு ஊசி வேண்டா என அன்பு மிகுதியால் தவிர்க்கும் தாய்மார் பலர். உடல் தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று நாள் கடத்துவர். ஊசியிட்ட இரவில் காய்ச்சல் கண்டால், மறுநாள் உப்பளத்துக் கூலியும் போகுமே என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் இயல்பே. ஆயினும், நலிந்த உடலைத் தட்டம்மையும் நுரையீரற் காய்ச்சலும் பற்றினால் விளையும் கேடு பெரிது. வலிய சுவரைவிட இடிந்த சுவருக்கன்றோ முட்டுக்கொடுத்தல் வேண்டும்? ஆதலின் அப்பிள்ளைகட்கே காப்பு மிகுதியும் வேண்டும்.

இரத்தப் புற்று முதலியவற்றுக்கு மருந்துண்ணும் பிள்ளைகட்குச் சில தடுப்பு மருந்துகள் ஆகா. உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்தவை அவை. எதனை இடுவது, எந்நாளில் இடுவது என மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். அத்தகைய பிள்ளைக்கு அரணாவோர், உடன்பிறந்தாரும் உடன்பயில்வாருமே. நீங்கள் குத்திக்கொள்ளும் ஊசி, உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நோயுற்ற தோழனையும் காக்கும். அன்று குழந்தைகள் கைக்குக் கை மாற்றியே அக்கொடையை நம் நாட்டிற்குக் கொணர்ந்தனர். அதனை எளியோர்க்கும் நலிந்தோர்க்கும் எட்டச் செய்தல் நம் கடனாகும்.