தேவையற்ற வலி எது?

மதுரையில் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் அதிகாலையில் நடப்பவர்கள் அடிக்கடி காணும் காட்சி இது. திடகாத்திரமான நாய் ஒன்று முன்னே பாய்கிறது. உரிமையாளர் கையிலிருக்கும் வாரைச் சுண்டி இழுக்கிறார். நாயின் கழுத்திலுள்ள எஃகுச் சங்கிலி இறுகுகிறது. நாய் ஒரு கணம் மூச்சுத் திணறி நின்று, பின்னர் அவருடன் ஒட்டி நடக்கிறது. செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கு 'சோக் செயின்' என்று பெயர்.

இதைக் குறைகூறும் தகுதி எனக்கு முழுமையாக இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி ஒன்றை வளர்க்கத் தொடங்கினேன். அது வளர்ந்ததும் என் கைக்கு அடங்கவில்லை. பயிற்சியாளர் ஒருவரின் ஆலோசனைப்படி நானும் அந்தச் சங்கிலியை மாட்டினேன். இரண்டே வாரங்களில் நாய் ஒழுங்காக நடந்தது. ஆனால், தலையைத் தடவிக் கொடுப்பதற்காக நான் கையை உயர்த்தினாலும் அது உடலைக் குறுக்கிப் பின்வாங்கியது. நாய்ப் பயிற்சியில் வலிக்கு இடம் உண்டா என்ற கேள்வி அப்போதுதான் எனக்குள் எழுந்தது. அதற்கு விடை தேடி, மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் படித்தேன். அச்சட்டத்தின் பின்னால் இருந்தவர் எங்கள் ஊரில் பிறந்த ஒரு பெண்மணி.

ருக்மிணி தேவி அருண்டேல் 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். அவர் ஓய்வு பெற்றதும் குடும்பம் சென்னை அடையாறில் குடியேறியது. அங்கு சபையின் முன்னணியினரில் ஒருவரான ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை 1920-இல், தமது 16-ஆவது வயதில், ருக்மிணி தேவி மணந்தார். அன்றைய சமூகம் அத்திருமணத்தைக் கடுமையாக எதிர்த்தது.

எதிர்ப்பு அத்துடன் நிற்கவில்லை. உயர்குடிப் பெண்கள் அண்டக் கூடாதது என ஒதுக்கப்பட்டிருந்த சதிர் ஆட்டத்தை, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935-இல் பிரம்மஞான சபையின் வைர விழாவில் மேடையேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ராவை நிறுவினார். மரபுவழிக் கலைஞர்களிடமிருந்து அக்கலையை அவர் அந்நியப்படுத்திவிட்டார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. அது புறந்தள்ளக்கூடியது அன்று. எனினும், உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது நாட்டியத்துக்காகத்தான்.

அவரது வாழ்வின் மற்றொரு பாதி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவ்வாறு நியமனம் பெற்ற முதல் பெண்மணி அவரே. கலைக்காகக் கிடைத்த அந்த இடத்தை அவர் விலங்குகளுக்காகவும் பயன்படுத்தினார். விலங்கு வதையைத் தடுக்க 1890-ஆம் ஆண்டின் காலனியச் சட்டம் ஒன்று இருந்தது. அது போதாது என்று கருதிய அவர், 1953-இல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன் பேரில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த உறுதிமொழி 1960 டிசம்பரில் மிருகவதைத் தடுப்புச் சட்டமாக நிறைவேறியது. அச்சட்டத்தின்கீழ் 1962-இல் அமைக்கப்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராக அவரே பொறுப்பேற்றார். 1977-இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு மொரார்ஜி தேசாய் அழைத்தபோது மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார்.

மதுரை வட்டாரத்தில் அச்சட்டத்தை அறிந்தவர்கள் பெரும்பாலும் ஜல்லிக்கட்டு வழக்கின் மூலமே அறிந்திருப்பார்கள். 2014-இல் அதன் அடிப்படையில் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், 2017-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் செய்ததும், 2023-இல் அத்திருத்தத்தை அரசியல் சாசன அமர்வு ஏற்றதும் நாம் அறிந்தவை. அந்த விவாதம் தனி. ஆனால், அலங்காநல்லூரைத் தாண்டி நம் வீட்டு வாசலுக்கும் அச்சட்டம் வருகிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியால் ஒரு விலங்கை நியாயமற்ற நேரம் கட்டிவைப்பது குற்றம் என்கிறது அதன் 11-ஆவது பிரிவு. வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாயை உரிமையாளர் போதிய அளவு நடமாடவிடாமல் இருப்பதும் அதே பிரிவின்கீழ் குற்றம். வாயிற்கதவருகே காலமெல்லாம் கட்டுண்டு கிடக்கும் நாய்கள் எத்தனையோ நம் தெருக்களில் உண்டு.

பயிற்சிக்கான சங்கிலி குறித்து அப்பிரிவு தனியாக எதுவும் கூறவில்லை. ஆயினும், விலங்குக்குத் தேவையற்ற வலியை உண்டாக்கக் கூடாது என்று அது பொதுவாக விதிக்கிறது. முழு விவாதமும் 'தேவையற்ற' என்ற அந்த ஒரு சொல்லில்தான் அடங்கியுள்ளது. வேறு வழியே இல்லாதபோதுதான் வலி தேவையாகிறது. வேறு வழி கண்டறியப்பட்ட நாளிலிருந்து அதே வலி தேவையற்றதாகிவிடுகிறது. சட்டத்தின் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை. நமது அறிவு வளர்ந்தாலே போதும், அதன் பொருள் விரிகிறது.

அந்த வேறு வழி புதியதும் அன்று. ருக்மிணி தேவி பிறந்த மூன்றே வாரங்களில், 1904 மார்ச் 20 அன்று, அமெரிக்காவில் பிறந்தவர் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர். சிறு ஒலியையும் உணவையும் கொண்டே நாய்க்கு எதையும் கற்பிக்கலாம் என்பதை 1951-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அவர் விளக்கினார். வார் தளர்ந்திருக்கும்போது உடனே ஒரு துண்டு உணவு. நாய் இழுத்தால் உரிமையாளர் அசையாமல் நின்றுவிடுவது. இழுத்தால் பயணம் தடைப்படும், இணைந்து நடந்தால் பலன் உண்டு என்பதை நாய் தானே கற்றுக்கொள்கிறது.

போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, தண்டனை முறையில் பயிற்சி பெற்றவை, வெகுமதி முறையில் பயின்றவற்றைவிடக் கூடுதலான மன அழுத்த அறிகுறிகளைக் காட்டியதாகக் கூறுகிறது. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பும் அதிகரித்திருந்தது. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021-இல் வெகுமதி முறையையே பரிந்துரைத்துள்ளது.

மறுதரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். முப்பது கிலோ எடையுள்ள ராஜபாளையம் நாய் நெரிசலான சாலையில் பாய்ந்தால், உடனடிக் கட்டுப்பாடு வேண்டாமா என்கிறார்கள் சங்கிலியை ஆதரிப்போர். சரியாகச் சுண்டி உடனே தளர்த்தினால் தீங்கில்லை என்பதும் அவர்களது வாதம். ஆனால், அவ்வாறு கணக்காகச் சுண்டத் தெரிந்த உரிமையாளர்கள் மிகச் சிலரே. சங்கிலியைத் தலைகீழாக மாட்டிவிட்டால் அது இறுகிய பின் தளரவும் செய்யாது. உடனடிக் கட்டுப்பாட்டுக்கு மார்பைச் சுற்றி அணிவிக்கும் பட்டை உண்டு. அது கழுத்தை நெரிப்பதில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குப் புலப்படுவது வேறொன்று. சோக் செயின் விரைவானது என்கிறோம். உண்மையில் அது நமக்கு மிச்சப்படுத்தும் நேரத்தின் விலையை நாயின் கழுத்து செலுத்துகிறது. பேரம்பேச இயலாத ஒருவர்மீது சுமத்தப்படும் செலவைச் சந்தை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சட்டம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால், அச்சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. 60 ஆண்டுகளுக்கு மேலாக அத்தொகை உயர்த்தப்படவில்லை. ஒரு சோக் செயினின் விலையே இன்று அதைவிட அதிகம். அபராதத்தை உயர்த்துவது அவசியம். நாய்களுக்கு உரிமம் வழங்கும் உள்ளாட்சி அமைப்புகள் உரிமையாளருக்கு வெகுமதிப் பயிற்சியைக் கற்பிப்பது அதனினும் அவசியம்.

என் நாயின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினேன். அவித்த முட்டைத் துண்டுகளுடன் பயிற்சியை முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு வாரங்களில் முன்பு முடிந்த வேலைக்கு இம்முறை நான்கு மாதங்கள் ஆயின. கையை உயர்த்தினால் பின்வாங்கும் பழக்கம் மறைய அதற்கும் மேலாயிற்று. அந்தக் காலதாமதம் முழுவதும் என் கணக்கில் சேர வேண்டிய செலவுதான். அதை முன்பு நாயின் கணக்கில் எழுதியிருந்தேன்.

மதுரையில் பிறந்த ஒருவர் நாடாளுமன்றம் வரை எடுத்துச்சென்ற கோரிக்கையை, மதுரையின் தெருக்களில் நிறைவேற்றுவதற்கு நாம் இன்னொரு சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை.