மாணாக்கராகவே வாழ்ந்த ஆசிரியர்

கல்வியுலகில் ஒரு வழக்கத்தை நாம் காண்கின்றோம். ஒருவர் பட்டங்கள் பெறப் பெற, அவர் கற்பிக்கும் மாணாக்கரின் வயதும் ஏறிச் செல்கின்றது. பேரறிஞர் கல்லூரிக்கு உரியர்; சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்க்கோ மிகுந்த கல்வி வேண்டுவதில்லை என்பது பலர் எண்ணம். இவ்வெண்ணத்தைத் தம் வாழ்க்கையாலேயே மறுத்தவர் ஜெர்மானியப் பெரியாராகிய பிரெடெரிக் பிரோபெல் ஆவர். அவருடைய கல்வி உயர உயர, அவர் நாடிச் சென்ற மாணாக்கரின் வயது குறைந்துகொண்டே வந்தது. அஃது எவ்வாறு நேர்ந்ததென்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிரோபெல் 1782-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், துரிங்கியா மலைக்காடுகளின் நடுவேயுள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் லூத்தரன் சபைக் குருவானவர். ஓராண்டு நிரம்புமுன்னரே குழந்தை தாயை இழந்தது. தந்தையார்க்கோ சபைப்பணி மிகுதி; மாற்றாந்தாயின் அன்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. பத்து வயதில் தாய்மாமன் அழைத்துச் சென்று ஆதரித்த பின்னரே சிறுவன் வீட்டின்பம் இன்னதென அறிந்தான். தாயன்பின்றி வாடிய அக்குழந்தையே பிற்காலத்தில் உலகத் தாய்மார்க்கெல்லாம் குழந்தை வளர்ப்பின் அருமையைக் கூற வந்ததென்பது நாம் மறக்கற்பாலதன்று.

பதினைந்தாம் வயதில் அவர் வன அலுவலர் ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். அங்கே பெற்றது ஆசிரியரால் அன்று, மரங்களாலும் செடிகளாலுமே. 1799-இல் ஜேனா பல்கலைக்கழகஞ் சேர்ந்தார். ஆயின் கடன் தீர்க்க இயலாமையால் ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் இருந்து, பட்டமின்றி வீடு திரும்பினார். பின்னர்க் காட்டு அலுவலகத்திலும் நில அளவையிலும் கணக்கு வேலையிலுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. எத்தொழிலிலும் அவர் உள்ளம் நிலைபெறவில்லை.

1805-இல் கட்டடக்கலை பயிலும் நோக்கத்துடன் பிராங்க்பர்ட் நகர் அடைந்தார். அங்கு மாதிரிப்பள்ளித் தலைவராகிய குரூனர் என்பார் அவருடைய இயல்பைக் கண்டு, ஆசிரியப்பணியை மேற்கொள்ளுமாறு தூண்டினார். சிறுவர் நிறைந்த வகுப்பில் முதன்முதல் நின்றபோதே, நெடுநாள் தேடிய பொருள் தமக்குக் கிட்டிற்றென அவர் உணர்ந்தார்.

பணி கிடைத்தவுடன் கற்றல் முடிந்ததெனக் கொள்வார் பலர். பிரோபெல் அவ்வாறு கொண்டாரல்லர். சுவிட்ஸர்லாந்தில் இவெர்டன் நகரில் பெஸ்டலாட்ஸி என்னும் பேராசிரியர் நடத்திய பள்ளியை அவ்வாண்டே சென்று கண்டார். 1808-இல் தம் பொறுப்பிலிருந்த மூன்று சிறுவரையும் உடனழைத்துக்கொண்டு மீண்டும் சென்று, ஈராண்டு தங்கினார். அங்கே சிறுவர்க்கு அவர் ஆசிரியர், பெஸ்டலாட்ஸிக்கோ மாணாக்கர். ஆசிரியரிடத்து மிக்க மதிப்புடையராயினும், அங்குக் கற்பிக்கப்பெற்ற பாடங்களை ஒன்றோடொன்று இணைக்கும் அடிப்படை தெளிவாக இல்லையென்பதையும் கண்டார். அக்குறையை எடுத்துரைப்பதோடு நில்லாமல், அதனை நீக்கும் அறிவைத் தாமே தேடப் புறப்பட்டார்.

1811-இல், இருபத்தொன்பதாம் வயதில், காட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மறுபடியும் மாணாக்கரானார். முதலில் மொழிகளையும், பின்னர் இயற்கை நூல்களையும் பயின்றார். அடுத்த ஆண்டு பெர்லின் சென்று, வைஸ் என்னும் பேராசிரியரிடம் கனிப்பொருள்களின் படிக வடிவங்களை ஆராய்ந்தார். 1813-இல் நெப்போலியனை எதிர்த்தெழுந்த தொண்டர் படையிற் சேர்ந்தார். ஆங்கே தான் லாங்கெதால், மிடன்டார்ப் என்னும் வாழ்நாள் நண்பரிருவரைப் பெற்றார். போர் முடிந்தபின் பெர்லின் கனிப்பொருட் காட்சிசாலையில் உதவியாளராக அமர்ந்தார். அறிஞர்க்குரிய அமைதியான வாழ்வு அவர்முன் திறந்து கிடந்தது. எனினும் அதனை விடுத்து, 1816-இல் கிரீஸ்ஹைம் என்னும் சிற்றூரில், தம் உடன்பிறந்தார் மக்கள் ஐவரைக்கொண்டு பள்ளியொன்று தொடங்கினார். அடுத்த ஆண்டு அப்பள்ளி கைல்ஹௌ என்னுமிடத்திற்கு மாறிற்று. 1826-இல் மனிதனின் கல்வி என்னும் பெருநூலை வெளியிட்டார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. பணத்தைக் கையாளும் திறன் அவர்க்கு இல்லை. எழுத்தும் எளிதில் விளங்குவதன்று. அரசினரின் ஐயமும் சேர, வளர்ந்துவந்த பள்ளியின் மாணாக்கர் தொகை 1829-இல் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிற்குச் சுருங்கிற்று. 1831-இல் சுவிட்ஸர்லாந்து சென்று புதுப்பள்ளிகள் அமைத்தார். பின்னர்ப் பர்க்டோர்ப் நகரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்தியும் ஆசிரியர்களைப் பயிற்றியும் வந்தகாலை, ஓர் உண்மை அவர்க்குப் புலனாயிற்று. பள்ளிக்கு வரும் குழந்தை வெறும் ஏடன்று. அதன் முதல் ஆறாண்டுகளில் விதைக்கப்பட்டதும் விதைக்கப்படாததும் உடன் வருகின்றன. ஆதலின் கல்வியின் வேரை அவ்வாண்டுகளிலேயே நாடல் வேண்டுமென உறுதிகொண்டார்.

1837-இல் பிளாங்கன்பர்க் திரும்பியபோது அவர்க்கு ஐம்பத்தைந்து வயது. குழந்தைகளுக்கென விளையாட்டுப் பொருள்களைச் செய்யத் தொடங்கினார். ஆறு நிறக் கம்பளிப் பந்துகள் முதலில். மரத்தாலாகிய உருண்டை, கனசதுரம், உருளை அடுத்து. எட்டுச் சிறு துண்டுகளாகப் பிரியும் கனசதுரம் அதன் பின். பெர்லினில் ஆராய்ந்த படிகங்களின் ஒழுங்கு இப்பொழுது மூன்று வயதுக் குழந்தையின் கையில் விளையாட்டாயிற்று. இளமையிற் கண்ட காடும் செடியும் பெயரொன்றை ஈந்தன. 1840-இல் நிறுவிய அமைப்பிற்குக் குழந்தைகளின் தோட்டம் என்னும் பொருளுடைய கிண்டர்கார்ட்டன் என்பதே அப்பெயர்.

தோட்டத்திற்குத் தோட்டக்காரர் வேண்டுமன்றோ? இளம்பெண்களை இப்பணிக்குப் பயிற்றுவதில் தம் இறுதியாண்டுகளைச் செலவிட்டார். குழந்தையை அன்பால் மட்டும் வளர்த்தல் போதாது, கூர்ந்து நோக்கும் அறிவும் வேண்டும் என்பது அவர் கோட்பாடு. ஆசிரியராவார் குழந்தைகளுடன் விளையாடியே குழந்தையின் இயல்பைக் கற்றல் வேண்டும் என்றார். லீபன்ஸ்டைன் நகரில் நரைத்த தலையுடன் அவர் சிற்றூர்ப் பிள்ளைகளோடு ஆடிப் பாடுவதைக் கண்டு ஊரார் சிலர் நகைத்தனர். அவர் நாணவில்லை.

1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தது. நாத்திகத்தையும் பொதுவுடைமையையும் பரப்புவன என்பது குற்றச்சாட்டு. அவர்தம் உடன்பிறந்தார் மகனொருவரின் எழுத்துக்களோடு அவர் கொள்கையை அரசினர் குழப்பிக்கொண்டனர். விளக்கங் கூறியும் பயனில்லை. 1852-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள், தடை நீங்காமலே, மரியன்தால் என்னுமிடத்தில் அவர் காலமானார். 1860-இல் தான் தடை நீங்கிற்று. அதற்குள் அவரிடம் பயின்றோரும் நண்பரும் அவ்விதையைப் பிறநாடுகளுக்கு எடுத்துச் சென்றிருந்தனர். நம் ஊர்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. எனப் பெற்றோர் நாடோறும் வழங்கும் பெயர்களிலும் அவர் இட்ட பெயரே ஒளிந்து நிற்கின்றது.

அவருடைய கல்லறையின்மேல் கனசதுரமும் உருளையும் உருண்டையும் ஒன்றன்மேலொன்றாக நிற்கின்றன. பட்டமின்றிக் கல்லூரி நீங்கியவர்க்கு இதனினுஞ் சிறந்த பட்டம் வேண்டுமோ? நம்மிற் பலர் ஆசிரியராகப் போகின்றோம். சிலர் மிகச் சிறிய பள்ளிகளில் மிகச் சிறிய பிள்ளைகளின்முன் நிற்கப் போகின்றோம். அதனைத் தாழ்வென எண்ணாதிருப்போம். பணியேற்ற நாளோடு ஏட்டை மூடாதிருப்போம். தாம் கற்பதை நிறுத்தாதவரே பிறர்க்குக் கற்பிக்க வல்லவர் என்பதை இப்பெரியாரின் வாழ்க்கை நமக்குத் தெளிவுறக் காட்டுகின்றது.