அதிகாலையில் கடவுளோடு நடந்தவர்
ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் வாழ்வு

கல்வி கற்றவன் செபத்தை விட்டுவிடுவான் என்பர் சிலர். செபிக்கிறவனுக்குக் கல்வி எதற்கு என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்கும் தம் வாழ்வையே மறுமொழியாக வைத்துச் சென்றவர் கறுப்பின அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து பேராசிரியராக உயர்ந்த அப்பெருமகனார், எந்த மனிதரின் அனுமதிக்கும் காத்திராமல் கடவுளிடம் நேரே சென்றவர். அவ்வுறவு எவ்வாறு தொடங்கியது, எவ்வாறு வளர்ந்தது, என்ன கனி தந்தது என்பவற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

அடிமைக் குடிலில்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூரின் அருகே, மோசஸ் கார்வர் என்ற வெள்ளை உழவரின் பண்ணையில், 1864ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். பிறந்த நாள் எழுதி வைக்கப்படவில்லை. அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை எழுதி வைப்பார் யார்? தந்தையை அவர் அறிந்ததில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது, இரவில் வந்த கொள்ளையர் தாய் மேரியையும் அவரையும் கடத்திச் சென்றனர். தேடி அனுப்பப்பட்ட ஆள் குழந்தையை மட்டுமே மீட்டு வந்தான். அதற்கு ஈடாக அவனுக்கு ஒரு குதிரை கொடுக்கப்பட்டது. தாயைப் பற்றிய செய்தி பின்னர் வரவே இல்லை.

1865இல் அடிமை முறை ஒழிந்தபின், மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தனர். நோயாளிப் பிள்ளையாதலால் ஜார்ஜுக்கு வயல்வேலை தரப்படவில்லை. சமைக்கவும் துணி வெளுக்கவும் தைக்கவும் கற்றார். எஞ்சிய நேரத்தைக் காட்டில் செடிகொடிகளோடு கழித்தார். வாடிய செடியைத் தேற்றும் கைத்திறனால், அக்கம்பக்கத்தார் அச்சிறுவனைச் செடி வைத்தியன் என்றே அழைத்தனர்.

பரணில் எழுந்த முதல் செபம்

அவருக்குப் பத்து வயதளவில் நிகழ்ந்ததொன்றை அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். அண்டை வீட்டு வெள்ளைச் சிறுவன் ஒருவன், தான் ஞாயிறு பள்ளிக்குச் செல்வதாகவும் அங்கே செபிப்பார்கள் என்றும் கூறினான். செபம் என்றால் என்னவென்று ஜார்ஜ் கேட்டறிந்தார். அச்சிறுவன் சென்றதும், கொட்டகையின் பரண்மீது ஏறி, மக்காச்சோளம் நிரம்பிய பீப்பாயின் அருகே மண்டியிட்டுத் தமக்குத் தெரிந்தவாறு செபித்தார். என்ன சொன்னோம் என்பது பின்னாளில் அவர் நினைவில் இல்லை. ஆயினும் அப்பரணுக்கு அவர் மீண்டும் மீண்டும் சென்றார்.

இந்நிகழ்ச்சியின் பொருளை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படிதலே கடவுளின் சித்தம் என்று திருமறையைக் காட்டிப் போதித்தவர்கள் அந்நாட்டில் பலர் இருந்தனர். அவர்கள் வாய்ச்சொல்லால் மட்டும் கடவுளை அறிந்தவன், கடவுளையும் ஒரு பண்ணை எசமானராகவே கண்டிருப்பான். பரணில் மண்டியிட்ட சிறுவனோ, தன்னைப் படைத்தவரைத் தானே நாடிச் சென்றான். குருவும் இல்லை, பீடமும் இல்லை. அங்கே அவனை விலக்குவாரும் இல்லை.

மூடிய கதவுகள்

டயமண்டில் இருந்த பள்ளி கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. ஆகவே அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் நியோஷோ என்னும் ஊருக்கு நடந்து சென்றார். அங்கே மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பினத் தாய் அவருக்கு இடமளித்தார். பேறுகாலம் பார்த்தும் துணி வெளுத்தும் வாழ்ந்த அவ்வம்மையார் தந்த வேதாகமத்தை கார்வர் தம் முதுமைவரை போற்றி வைத்திருந்தார்.

1879இல் கன்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஸ்காட் நகரில், வெறிகொண்ட கூட்டம் ஒரு கறுப்பின மனிதரைக் கொன்றதை அவர் கண்ணாரக் கண்டு அந்நகரை விட்டே அகன்றார். சில ஆண்டுகளுக்குப் பின், ஹைலண்டு என்னுமிடத்துக் கல்லூரி அஞ்சல் வழியே அவரைச் சேர்த்துக்கொண்டது. நேரில் சென்று நின்றபோது, அவரது நிறத்தைக் கண்டு திருப்பி அனுப்பியது. அது ஒரு கிறித்தவக் கல்லூரி. கிறிஸ்துவின் பெயரால் நடந்த நிலையத்திலேயே கதவு மூடப்பட்டது. கிறிஸ்துவோடு அவர் கொண்ட உறவோ அறுபடவில்லை. அவரை விலக்கியவர்கள் மனிதர்களே என்பதையும், கடவுளின் பெயரைத் தாங்கி நிற்பதால் அவர்களுடைய தீர்ப்பு கடவுளின் தீர்ப்பாகிவிடாது என்பதையும் அவர் பகுத்தறிந்திருந்தார் என்றே நாம் கொள்கிறோம்.

1890இல் அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரி அவரை ஏற்றது. மாணவர்களின் துணிகளை வெளுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். அங்கே ஓவியம் கற்பித்த எட்டா பட் என்ற ஆசிரியை, செடிகளில் அவருக்கிருந்த அறிவைக் கண்டு, அயோவா வேளாண் கல்லூரிக்குச் செல்லத் தூண்டினார். 1891இல் அங்கே சேர்ந்த முதற்கறுப்பின மாணவர் அவரே. தொடக்கத்தில் மற்ற மாணவர்களோடு அமர்ந்து உண்ண அவருக்கு இடமளிக்கப்படவில்லை. எனினும் 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பேராசிரியர் ஜேம்ஸ் வில்சனோடும் மாணவர்களோடும் கூடிச் செபிக்கும் வழக்கத்தையும் அவர் அங்கே கைக்கொண்டார்.

டஸ்கீகியின் அதிகாலை

1896இல் புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களுக்கென அவர் நடத்திய டஸ்கீகி கல்வி நிலையத்திற்குக் கார்வர் சென்றார். ஆய்வுக்கூடத்திற்குக் கருவிகள் இல்லை. குப்பையில் எறியப்பட்ட புட்டிகளையும் பழைய விளக்குகளையும் பொறுக்கியெடுத்துக் கருவிகளாக்கினார். அவ்வறைக்குக் கடவுளின் சிறு பட்டறை என்று பின்னாளில் பெயரிட்டார்.

நாள்தோறும் நான்கு மணியளவில் எழுந்து, விடியுமுன் காட்டிற்குள் தனியே நடப்பது அவர் வழக்கம். செடிகளைத் திரட்டுவதும் கடவுளோடு உறவாடுவதும் அவருக்கு ஒரே செயலாயின. திரும்பி வந்ததும் நாள்முழுதும் உழைப்பு. 1907ஆம் ஆண்டளவில் மாணவர் சிலர் வேண்டிக்கொண்டதன் பேரில், ஞாயிறு மாலைகளில் வேதாகம வகுப்பைத் தொடங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தினார். வர வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆயினும் இளைஞர் திரண்டனர். பூவையும் கல்லையும் கையில் வைத்துக்கொண்டே அவர் திருமறையை விளக்கினார்.

இவ்வுறவின் கனியை வயல்களில் காணலாம். வாரத்திற்கு உழுத ஏழைக் குடும்பங்கள், ஆண்டுதோறும் பருத்தியையே பயிரிட்டு மண்ணைச் சாரமற்றதாக்கிக் கடனில் மூழ்கியிருந்தன. தட்டைப்பயறும் நிலக்கடலையும் மாற்றிப் பயிரிட்டால் மண்ணில் தழைச்சத்து சேரும் என்றும், குடும்பத்திற்குச் சத்துணவும் கிடைக்கும் என்றும் அவர் கற்பித்தார். 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று, பள்ளிக்கு வர இயலாத உழவரைத் தேடிச் சென்றது. எளிய நடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளை எழுதினார். நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது தவறான செய்தி. அவர் கூறிய முந்நூறு பயன்களுள் பெரும்பாலானவை சந்தைக்கு வரவும் இல்லை. ஏழை உழவரின் நிலத்திற்கும் அடுப்பிற்கும் அறிவியலைக் கொண்டு சென்றதே அவர் பெருமை.

ஒரு சொல்லால் எழுந்த சர்ச்சை

1924இல் நியூயார்க் நகரத் திருச்சபை ஒன்றில் பேசுகையில், ஆய்வுக்கூடத்திற்குள் தாம் நூல்களைக் கொண்டு செல்வதில்லை என்றும், கடவுளே வழியை வெளிப்படுத்துகிறார் என்றும் அவர் கூறினார். அந்நகரின் பெரிய நாளிதழ், அறிவியலாளர் இவ்வாறு பேசமாட்டார் என்று தலையங்கம் தீட்டியது. கார்வர் வருந்தினார். ஆயினும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. தாம் பெற்ற பட்டங்களையும் பயின்ற அறிஞர்களின் நூல்களையும் எடுத்துக்காட்டி, பயிற்சியும் அகத்தூண்டுதலும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல என்று மறுமொழி எழுதினார்.

அவர்மீது வேறொரு குறையும் கூறப்படுவதுண்டு. நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து அவர் மேடையேறிப் போராடவில்லை என்பதே அது. இக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. கடவுளோடு உறவுடையவர் அனைவரும் ஒரே பணிக்கு அழைக்கப்படுவதில்லை என்று அமைதி கூறலாம். ஆனால் அநீதியை எதிர்க்கும் கடமையிலிருந்து செபம் எவரையும் விடுவிக்காது என்பதையும் நாம் மறத்தலாகாது.

நாம் கொள்ளத்தக்கது

திருமணம் செய்துகொள்ளாமல் எளிமையாக வாழ்ந்த அவர், தம் சேமிப்பு முழுவதையும் இளம் ஆய்வாளர்களுக்கெனத் தாம் நிறுவிய அறக்கட்டளைக்கே அளித்தார். 1943 சனவரி 5ஆம் நாள் மறைந்து, டஸ்கீகியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் அவர் பிறந்த பண்ணையை அமெரிக்க நாடு தேசிய நினைவிடமாக அறிவித்தது. பெயர்ப் பதிவும் இன்றி ஓர் அடிமைக் குழந்தை பிறந்த மண் அது.

இளைஞர்களே! கடவுளோடு உறவு கொள்வதற்குப் பெரிய ஆலயமோ செல்வமோ பிறர் தரும் சான்றிதழோ வேண்டுவதில்லை. தனித்திருக்க ஒரு வேளையும், உண்மையான நெஞ்சமும் போதும். அவ்வேளையை அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. அங்கிருந்து எழுந்தபின் பாடநூலையும் தவறவிடவில்லை. விடியலில் ஒரு நாழிகை செபித்து, பின் விளக்கை ஏற்றிப் படிக்க அமருங்கள். கற்றதை, பள்ளி வாசலை இன்னும் எட்டாத பிள்ளையின் குடிசைக்குக் கொண்டு செல்லுங்கள். கார்வரின் வண்டியும் அத்தகைய வீடுகளைத் தேடியே சென்றது.