ராக்லண்ட் ஐயர்

வைப்பாற்றங்கரையிலுள்ள சாத்தூரைச் சூழ்ந்த நாடு வானம் பார்த்த கரிசற் பூமி. ஈண்டு வாழ்வோர் காத்திருத்தலை நன்கறிவர். மழை பொய்த்தாற் பருத்தியும் கம்பும் இல்லை. மழை மிகுந்தாலோ தீக்குச்சி உலராது, கூலியும் இல்லை. ஊரின் பேனா முனைத் தொழிலும் பந்துமுனைப் பேனா வந்தபின் குன்றிற்று. இத்தகைய நாட்டில், உழைத்தும் விளைவு காணாத ஆண்டுகளை விசுவாசத்தோடு கழித்த ஒரு பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன்.

தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815-ஆம் ஆண்டில் ஜிப்ரால்ட்டரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியிற் பயின்று, 1841-இல் கணித ஆனர்ஸ் பரீட்சையில் நான்காவதாகத் தேறினார். ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் எம்மனோர்க்கு இதன் அருமை விளங்கும்! அக்கல்லூரியே அவரைத் தன் ஃபெல்லோவாக ஏற்றுக்கொண்டது. ஆங்கே கௌரவமாய் வாழ்ந்திருக்கலாம். அவரோ சர்ச் மிஷனெரி சங்கத்தின் வழியாய்ச் சென்னை வந்து, அதன் காரியதரிசியாய்க் கணக்கும் கடிதமும் எழுதிச் சில ஆண்டுகள் கழித்தார்.

அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவின் தென்பாகத்திற் சபைகள் பெருகியிருந்தன. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய ஊர்களடங்கிய வடபாகமும் அந்நாளில் அந்த ஜில்லாவையே சேர்ந்தது. ஆங்கோ கிறிஸ்தவர் மிக அரியர். ஜில்லாவைச் சுற்றிப் பார்த்த ஐயர் இதனைக் கண்டு மனம் நைந்தார். 1854-இல் ஃபென், மெடோஸ் என்னும் இருவரோடு கூடாரமடித்து அவ்வடபாகத்தில் ஊழியந் தொடங்கினார். பங்களா கட்டி ஓரிடத்தில் அமர்தலினும் ஊர் ஊராய்ச் செல்லுதலே தகும் என்பது அவர் துணிபு. தென்பாகத்துச் சபையார் தம் உபதேசிமாரை முறைவைத்து அனுப்பி, அவர்தம் செலவையும் தாங்கினர். இதனை யான் பெரிதும் மதிக்கின்றேன். துரைமார் பெயர்கள் நிலைத்தன. உடன் வெயிலில் நடந்த நம்மவர் பெயர்களைச் சொல்வார் இலர்.

கூடாரம் இன்று ஓர் ஊர்ப்புறத்தும் நாளை மற்றோர் ஊர்ப்புறத்தும் நின்றது. மக்கள் கூடிக் கேட்டனர், கேட்டுக் கலைந்தனர். ஞானஸ்நானம் பெற்றோர் மிகச் சிலரே. தெற்கே அறுவடை காத்திருக்க, ஐயர் அங்குப் போயிருந்தாற் குறைகூறுவார் யார்? போதாக்குறைக்கு நுரையீரலும் நலிந்திருந்தது. அவரோ கணிதப் புலவர், எண்ணத் தெரியாதவரல்லர். தம் உழைப்பையும் பயனையும் நேர்நிறுத்திப் பார்த்தால் எக்கணக்கும் ஒவ்வாதென்பது அவருக்குத் தெரிந்தே இருக்கும். ஆயினும் வடபாகத்தை விட்டு நீங்கினாரில்லை. நிலத்தில் விழுந்து சாகும் கோதுமைமணியைக் குறித்து நம் ஆண்டவர் அருளிய உபமானமே அவருக்கு ஊழியத் திட்டமாயிற்று. விதைப்பது தம் கடன், விளைவிப்பது கர்த்தர் செயல் என்று அமைந்தார். இவ்வமைதியைச் சிலர் சோம்பலென மயங்குவர். பயனில்லாத நாளிலும் பயன் கண்ட நாளிற்போலவே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டவரைச் சோம்பரென்றல் எங்ஙனம்?

1858 அக்டோபர் 22-ஆம் நாள் சிவகாசியில் நுரையீரலின் இரத்தக்குழாய் வெடித்து, சிறிது பொழுதில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 43. மணஞ்செய்து கொண்டவரல்லர்.

தோழர் ஊழியத்தைக் கைவிட்டாரில்லை. காலப்போக்கிற் சிவகாசியை அடுத்துச் சாட்சியாபுரம் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பும் பள்ளிகளும் வளர்ந்தன. ஐயர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குமேற் சென்றபின், டோனாவூரில் ஊழியஞ்செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவர் சரிதத்தை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார்.