நைல் கின்னிக்

அமெரிக்கர் ஃபுட்பால் என வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்கும் முரட்டு ஆட்டம் அது. அவ்வாட்டத்தில் பெரும்புகழ் பெற்ற நைல் கின்னிக், 1918ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் அயோவா மாநிலத்தின் ஏடல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் அம்மாநில ஆளுநராக இருந்தவர்.

கின்னிக் நெடிய உருவினர் அல்லர். பருத்த உடலினரும் அல்லர். இத்தகையவரா அம்முரட்டு ஆட்டத்தில் வென்றார் என வியப்புத் தோன்றலாம். அவர் ஆடிய அயோவா பல்கலைக்கழக அணி 1938இல் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது. மறு ஆண்டு எட்டி ஆண்டர்சன் என்னும் மருத்துவர் பயிற்சியாளராக வந்தார். ஆட்டக்காரர் சிலரே இருந்தமையால், பலர் ஓய்வின்றி 60 நிமிடமும் தாக்கியும் தடுத்தும் ஆடினர். இரும்பு மனிதர் எனப் பெயர் பெற்றனர். அவ்வாண்டு எட்டு ஆட்டங்களில் ஆறில் வென்றனர். தோல்வியே காணாது வந்த நாட்டர் டேம் அணியையும் 7–6 என வீழ்த்தினர். எல்லை கடந்தவரும் கின்னிக். பின்னர்ப் பந்தை உதைத்து ஏழாம் புள்ளியைச் சேர்த்தவரும் அவரே. இறுதி ஆட்டத்தில் தோள்மூட்டு விலகிய பின்னரே அவர் களம் நீங்கினார்.

1939 திசம்பரில் நியூயார்க்கில் அவருக்கு ஹைஸ்மன் விருது வழங்கப்பெற்றது. ஐரோப்பாவில் அப்போது போர் மூண்டிருந்தது. தாம் போர்க்களத்தில் அன்றி ஆடுகளத்தில் நிற்பதற்காக இறைவனுக்கு நன்றி கூறினார் கின்னிக். பொருள் தர முன்வந்த தொழில்முறை அணியை மறுத்துச் சட்டம் பயின்றார்.

ஆயினும் போர் அவரையும் அழைத்தது. பேர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்னர்க் கடற்படையில் வானோடிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1943 சூன் 2ஆம் நாள், வெனிசுலா அருகே லெக்சிங்டன் கப்பலினின்று பறந்தபோது விமானத்தில் எண்ணெய் கசிந்தது. கப்பல் தளத்தில் பிற விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. ஆங்கு இறங்காது கடலில் இறங்கினார். எட்டு நிமிடத்தில் மீட்புப் படகு சென்றது. நீர்மேல் எண்ணெய்ப் படலமே இருந்தது. அவருக்கு வயது 24. அடுத்த ஆண்டு அவர் தம்பியும் போரில் மாண்டார்.

அயோவா விளையாட்டரங்கிற்குக் கின்னிக்கின் பெயரைச் சூட்டப் பலர் விழைந்தனர். உயிரிழந்தோர் பலராக, தம் மகனை மட்டும் தனித்துச் சிறப்பித்தலைத் தந்தையார் முதலில் விரும்பவில்லை. 1972இலேயே அப்பெயர் சூட்டப்பட்டது.