கடல் வளர்த்த வீரர் டியூக் கஹனமொக்கு

கல்வியென்பது ஏட்டோடு முடிவதன்று. உடலை உரப்படுத்தலும், பலரோடு கூடி முயலும் பண்பைப் பெறுதலும் கல்வியின் கூறுகளேயாம். இவ்வுண்மைக்குச் சான்றாக வாழ்ந்தவர், பசிபிக் சமுத்திரத்தின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளிற் பிறந்த டியூக் கஹனமொக்கு என்பவர்.

இவர் 1890ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் ஹொனலூலு நகரிலே தோன்றினார். தந்தையார் பொலிஸ் சேவையில் இருந்தவர். டியூக் என்பது பட்டமன்று, இயற்பெயரே. 1869இல் எடின்பரோக் கோமகன் அத்தீவுக்கு எழுந்தருளியதன் நினைவாகத் தந்தையாருக்கு இடப்பட்ட அப்பெயர், மூத்த புதல்வருக்கும் உரியதாயிற்று. இவருக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே, 1893இல், ஹவாய் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் ஐக்கிய அமெரிக்கா அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சொந்த மண்ணிலே அதிகாரமிழந்த ஓரினத்தின் பிள்ளையாகவே டியூக் வளர்ந்தார். ஆயினும், வைக்கிக்கிக் கடலை அவரிடமிருந்து எவராலும் பறித்தல் இயலவில்லை.

1908இல் அக்கரையிலே தோன்றிய படகுச் சங்கமொன்றில் வெள்ளையரே பெரும்பான்மையினராயிருந்தனர். சுதேச இளைஞர்கள் தமக்கென ஒரு சங்கத்தை வேண்டினர். அவ்வேட்கையிற் பிறந்ததே ‘ஹுயி நாலு’. அலைகளின் சங்கம் என்பது அதன் பொருள். டியூக் அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர். மாளிகையோ நீச்சற் குளமோ அச்சங்கத்துக்கு இல்லை. மோவானா ஹோட்டலின் அருகே நின்ற, பூவரசையொத்த ஹௌ மரத்தின் நிழலே அவர்கள் கூடுமிடம். கடலே அவர்தம் பயிற்சிக் களம். மூத்தோர் இளையோருக்கு நீந்தவும் பலகைமீதேறி அலையிற் செல்லவும் கற்பித்தனர். றோலின்ஸ் என்னும் சட்டத்தரணி அவர்களைப் பயிற்றுவித்தார்.

1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் ஹொனலூலுத் துறைமுகத்து உவர்நீரிலே போட்டியொன்று நிகழ்ந்தது. டியூக் 100 யார் தூரத்தை 55.4 செக்கனில் நீந்தி, முன்னைய சாதனையை நான்கு செக்கனுக்கும் மேலாகக் குறைத்தார். இச்செய்தியை அமெரிக்கப் பெருநிலத்து அதிகாரிகள் நம்பினாரல்லர். நீரோட்டம் துணைசெய்திருக்குமென்று கூறி, அச்சாதனையை ஏற்க மறுத்தனர். ஓர் இளைஞருடைய புகழன்றி, ஒரு தீவு மக்களுடைய நேர்மையும் ஐயத்துக்குள்ளாயிற்று. மக்கள் பணந்திரட்டி அவரைப் பெருநிலத்துக்கு அனுப்பினர். குளிர்ந்த குளத்துநீர் அவருடலுக்குப் புதிது. சுவரைத் தொட்டுத் திரும்பும் முறையும் புதிது. முதற் போட்டியொன்றிலே தசைப்பிடிப்பால் இடையில் நிற்க நேர்ந்தது. எனினும் மனந்தளராது, அக்கலையையும் கற்று, ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்றார்.

1912இல் ஸ்ரொக்ஹோம் நகரிலே 100 மீற்றர்ப் போட்டியில் தங்கப்பதக்கம் அவருக்கு உரியதாயிற்று. உலகப்போரினால் 1916ஆம் ஆண்டு விழா நிகழவில்லை. 1920இல் அன்ற்வேர்ப்பில், தம் முப்பதாவது பிறந்தநாளிலே வென்றார். எதிரணியினர் ஆட்சேபித்தமையால் மறுபடியும் நீந்த நேர, மறுபடியும் அவரே வென்றார். 1924இல் பாரிஸ் நகரிலே, இளைஞராகிய ஜோனி வைஸ்முல்லருக்கு அடுத்ததாக இரண்டாமிடம் பெற்றார். தம்பி சாமுவேல் மூன்றாமிடம் பெற்றார். இதற்கிடையே, 1914ஆம் ஆண்டின் இறுதியில் சிட்னியையடுத்த பிரெஷ்வாட்டர்க் கடற்கரையிலே பலகைமீது நின்று அலையிற் செல்லும் வித்தையைக் காட்டி, அவுஸ்திரேலியரின் உள்ளங்களைக் கவர்ந்தார்.

பதக்கங்களினும் பெருமை தருவது பிறிதொரு செயலாகும். 1925ஆம் ஆண்டு யூன் 14ஆம் நாள், கலிபோர்னியாவிலே நியூப்போர்ட்டுக்கு அருகில் ‘தெல்மா’ என்னும் மீன்பிடிப் படகு பேரலையிற் கவிழ்ந்தது. கரையில் நின்ற டியூக் தம் பலகையோடு கடலிற் பாய்ந்தார். மீண்டும் மீண்டும் சென்று எண்மரைக் கரைசேர்த்தார். தோழர் இருவர் நால்வரை மீட்டனர். பலர் மாண்டனராயினும், பன்னிருவர் உயிர் பிழைத்தனர். கரைக்காவலர் மீட்புப்பணிக்குப் பலகையைக் கைக்கொள்ள இந்நிகழ்ச்சி வழிகாட்டிற்று.

புகழ் அவருக்குச் செல்வத்தைக் கொடுக்கவில்லை. பெற்றோல் நிலையத்திலும் அவர் வேலைசெய்ததுண்டு. அதனை இழிவென எண்ணினாரல்லர். 1934 முதல் ஹொனலூலுவின் ஷெரிப் பதவிக்குப் பன்முறை தெரிவுசெய்யப்பட்டு, ஏறக்குறைய 26 ஆண்டுகள் பணிபுரிந்தார். 1968ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் தம் 77ஆவது வயதிலே காலமானார். அவரது சாம்பல் வைக்கிக்கிக் கடலிலேயே கரைக்கப்பட்டது. 1990இல் அக்கரையிலே அவருக்கு வெண்கலச் சிலையொன்று எழுப்பப்பட்டது.

அலைகளின் சங்கத்திலே அவர் பெற்றது நீந்தும் வன்மை மட்டுமன்று. கடலில் தோழனைக் கண்காணித்தலும், பிறர் துன்பங்கண்டவிடத்து முன்செல்லுதலும் அங்கே பயின்ற பாடங்கள். கடல்சூழ்ந்த நாட்டிலே வாழும் நம் மாணவரும் கடலுக்கு அஞ்சி ஒதுங்காமலும், தனியே இறங்கித் துணிவைக் காட்டாமலும், தேர்ந்த மூத்தோருடன் குழுவாகக்கூடி நீந்தப் பழகுதல் நன்று. அவ்வாறு பழகியவருள் ஒருவரேனும் ஓருயிரைக் காப்பாராயின், அதனினும் மேலான பதக்கம் வேறில்லை.