சிரிக்க வைத்த மின்பொறியாளர் ஜஸ்பால் பட்டி

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்பொறியியல் டிப்ளோமா வாங்கிவிட்டு இன்று பருப்பும் வெங்காயமும் விற்கிறவன் நான். படிப்பு ஒன்று, பிழைப்பு வேறொன்று என்று வாப்பாவுக்குக் கொஞ்ச காலம் மனக்குறை இருந்தது. அதனாலோ என்னவோ, இந்தியத் தொலைக்காட்சியின் நகைச்சுவை நடிகர் ஜஸ்பால் பட்டியின் கதை எனக்கு நெருக்கமாகிவிட்டது.

1955 மார்ச் 3ஆம் தேதி அமிர்தசரஸில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்தார். அங்கேயே நண்பர்களுடன் ‘நான்சென்ஸ் கிளப்’ தொடங்கி, லஞ்சத்தைக் கிண்டலடித்துத் தெரு நாடகங்கள் போட்டார். ‘தி டிரிபியூன்’ நாளிதழில் கேலிச்சித்திரமும் வரைந்தார்.

பிறகு தூர்தர்ஷனில் ‘உல்டா புல்டா’ வந்தது. சில நிமிடங்களே ஓடும் துணுக்குகள்தாம். ஆனால் முகம் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. 1989இல் வந்த ‘ஃப்ளாப் ஷோ’தான் அவர் பெயரை நிலைநாட்டியது. மொத்தம் பத்தே பகுதிகள். மனைவி சவிதா தயாரித்து, தாமும் நடித்தார். போலி மருத்துவ பில் போட்டுப் பணம் வாங்கும் ஊழியர், ஆராய்ச்சி மாணவனை வீட்டு எடுபிடி ஆக்கும் பேராசிரியர், முடிவே எடுக்காத கூட்டங்கள் என்று எல்லாம் அன்றாடம் பார்க்கிற விஷயங்கள். (கூட்டம் பற்றிய பகுதியை நம் சங்கச் செயற்குழுவினர் அவசியம் பார்க்க வேண்டும்!) ஒவ்வொரு பகுதியும் சினிமாப் பாட்டு மெட்டில் ஒரு கேலிப் பாட்டோடு முடியும். ஆராய்ச்சி மாணவனைப் படுத்துகிற பேராசிரியராக நடித்தவரே அவர்தான். தப்பு செய்கிறவனின் வேடத்தைத் தாமே போட்டுக்கொண்டதால், பார்ப்பவருக்குக் கோபம் வருமுன் சிரிப்பு வந்துவிடும்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பஞ்சாபில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத ஆண்டுகள் அவை. 1984 டெல்லிக் கலவரத்தில் சீக்கியர் பட்ட பாடும் ஆறவில்லை. சர்தார்ஜி என்றாலே துணுக்குக்கு ஆள் என்று நினைத்த நாட்டில், தலைப்பாகையோடு வந்த ஒருவர் ஊழலைப் பார்த்து நாட்டையே சிரிக்க வைத்தார். சிறுபான்மையாக வாழும் நமக்கு அதன் அருமை புரியும்.

வியாபாரியான எனக்கு மிகவும் பிடித்தது வேறு. விலைவாசி ஏறியபோது சண்டிகரில் காய்கறி, பருப்பு, எண்ணெயைப் பரிசுப் பொருளாக அடுக்கி, வளையம் வீசி ஜெயித்துக்கொள்ளும்படி கடை போட்டார். கூட்டம் அள்ளியது. பக்கம் பக்கமாக எழுதினாலும் விலையேற்றத்தை அப்படிப் புரியவைக்க முடியாது.

பஞ்சாப் காவல்துறையைக் கேலி செய்து ‘மாஹௌல் டீக் ஹை’ படத்தை இயக்கினார். கடைசியாக எடுத்தது ‘பவர் கட்’. மின்வெட்டைப் பற்றி மின்பொறியாளர் எடுத்த படம். மகன் ஜஸ்ராஜ்தான் கதாநாயகன். அதை விளம்பரப்படுத்த ஊர் ஊராகப் போனபோது, 2012 அக்டோபர் 25 அதிகாலையில் ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே கார் மரத்தில் மோதி இறந்தார். வயது 57. படம் மறுநாள் திரைக்கு வந்தது. 2013இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷன் விருது அறிவித்தது.